இறக்கத்தின் வாசனை

மணி பதினொன்றரை. கடலோர ஊரிலிருந்து மலைக்குக் கிளம்பிய கடைசி பஸ். உப்புக் காற்று அடிக்கிற வரைக்கும் உள்ளே பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அடிவாரத்து செக்போஸ்ட் தாண்டியதும் பேச்சு அடங்கியது. ஹெட்லைட் விழுகிற இடம் மட்டும் ரோடு... மிச்சமெல்லாம் கறுப்பு.

"பேய் எங்கண்ணே ஏறுது? செக்போஸ்ட்லயா?" என்றான் குண்டன்.

"பேயும் ஏறல, பிசாசும் ஏறல. வாயில இருக்கிற மிட்டாயைச் சப்பிக்கிட்டுச் சும்மா கேளு," என்றார் வெல்டர்.

அட்டைப்பெட்டி கம்பெனியில் கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. பிரித்துப் போட்ட அட்டைகளின் மேல் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கதை சொல்கிற வெல்டர், வாட்ச்மேன், பேக்கிங் அக்கா, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற குண்டன். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு அவனுக்கு, அதனால் அந்தப் பெயர். வெல்டருக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது மாமியார் கையில் திணித்த மிட்டாய்ப் பையை, வந்ததும் இருட்டிலேயே எல்லோருக்கும் நீட்டிவிட்டார். நாலு கன்னத்திலும் மிட்டாய் உருண்டுகொண்டிருந்தது.

"என் சகலைக்கு நடந்தது இது," என்று வெல்டர் தொடர்ந்தார். "பொண்டாட்டியோட அக்கா புருஷன். மூணு வருஷம் இருக்கும்."

சகலை பிரேக் மெக்கானிக். பஸ், லாரிச் சக்கரங்களைக் கழற்றி பிரேக் கட்டை மாற்றுவது அவர் வேலை. ராத்திரியெல்லாம் ஒர்க்‌ஷாப், பகலெல்லாம் தூக்கம். வீட்டில் ஒரு பெண்டாட்டியும் ஐந்து வயசு மகளும் இருப்பதே அவருக்குச் சம்பள நாளன்றுதான் ஞாபகம் வரும் என்று அவர் மனைவி சொல்வாள். ஒரு நாள் மகளைத் தூக்கிக்கொண்டு மலையில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது.

"நாளைக்குக் காலையில பாப்பாவை இங்கயே ஸ்கூல்ல சேக்கப் போறேன். வேணும்னா நேர்ல வந்து கூட்டிக்கிட்டுப் போ. போன்ல கெஞ்சுற வேலையெல்லாம் வேணாம்."

சேர்த்துவிட்டால் அவ்வளவுதான், இனி இறங்கி வரமாட்டாள். சகலை கைகூடக் கழுவாமல் ஓடிப் போய் அந்தக் கடைசி பஸ்ஸைப் பிடித்தார்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து சீட் காலி. உட்கார்ந்தவருக்கு நிலைகொள்ளவில்லை. காலை ஆட்டினார், செல்லைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார். விரல் தானாக சீட்டைத் தடவிக்கொண்டிருந்தது. ரெக்சினில் ஒரு கிழிசல். விரலை உள்ளே விட்டார்... ஏதோ தட்டுப்பட்டது.

மிட்டாய்த் தாள். முறுக்கி, ரெட்டை முடிச்சுப் போட்டிருந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளுடைய வேலை அது. தின்று முடித்த தாளை முடிச்சுப் போட்டுக் கட்டில் இடுக்கு, ஜன்னல் இடுக்கு, அப்பாவின் சட்டைப்பை என்று எங்கேயாவது திணிக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. இதே பஸ்ஸில்தான் மேலே போயிருக்கிறார்கள் போல. அந்தத் தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மனசு கொஞ்சம் அடங்கியது.

முதல் கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது. பஸ் முக்கி முனகி ஏறியது.

அப்போதுதான் அந்த வாசனை.

முதலில் லேசாக... அப்புறம் தொண்டையைக் கரித்தது. பிரேக் கட்டை கருகுகிற வாசனை. தினமும் அதில் புழங்குகிறவர், அவருக்குத் தப்பாது. ஆனால் அது இறங்குகிற வண்டியின் வாசனை. இறக்கத்தில் மிதித்து மிதித்துச் சூடேறினால்தான் அது வரும். இந்த பஸ் ஏறிக்கொண்டிருக்கிறது.

எழுந்து முன்னால் போனார்.

"அண்ணே, பிரேக் கருகுதுண்ணே."

டிரைவர் திரும்பாமலே சொன்னார். "ஏத்தத்துல எவன்யா பிரேக் புடிப்பான்? செக்போஸ்ட்ல வெச்ச காலு, அப்புறம் பிரேக் பக்கமே போகல."

கண்டக்டர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வரலியே. பயமா இருந்தா இறங்கிக்க. அடுத்த வண்டி காலையிலதான், சொல்லிட்டேன்."

காலையில் வந்து என்ன பிரயோசனம்? சகலை சீட்டுக்குத் திரும்பினார்.

"நானா இருந்தா இறங்கியிருப்பேன்," என்றார் வாட்ச்மேன்.

"நீங்க கேட்டுக்கு வெளியில நாய் குரைச்சாலே உள்ள வந்துடுவீங்க," என்றாள் பேக்கிங் அக்கா.

யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. வெல்டர் குரலைத் தாழ்த்தினார்.

பஸ் ஸ்டாண்டில் வாங்கிய தண்ணீர் பாட்டிலைப் பாதி குடித்து, இறுக்க மூடி மடியில் வைத்திருந்தார் சகலை. கீழே மூடிய பாட்டில் மேலே போகப் போக உப்பி விறைக்க வேண்டும். மலைக்குப் போய் வந்த யாருக்கும் தெரியும். அது திடீரென்று... டக். இன்னொரு டக். மடியிலேயே நசுங்கியது. உயரத்தில் மூடிக் கீழே கொண்டு வந்த பாட்டில் மாதிரி, யாரோ பிடித்துப் பிழிந்த மாதிரி.

வெளியே எட்டிப் பார்த்தார். பஸ் ஏறிக்கொண்டுதான் இருந்தது. என்ஜின் இரண்டாவது கியரில் கதறிக்கொண்டிருந்தது.

அப்போது தோளில் ஒரு பாரம் சாய்ந்தது.

காலி சீட் பக்கம். சின்னத் தலை. தூக்கத்தில் குழந்தை சாய்கிற சாய்வு. சட்டை வழியாக வெதுவெதுப்பாக மூச்சு பட்டது. எச்சில் ஒழுகித் தோள் ஈரமானது. தேங்காய் எண்ணெய் வாசனை. சகலைக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. தோளை ஆட்டவும் மனசு வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கருகல் வாசனை ஏறிக்கொண்டே போனது. கண்ணில் நீர் வந்தது. அப்புறம்... சட்டென்று நின்றது. துளி வாசனை இல்லை.

அது அவரை உலுக்கிவிட்டது. இறக்கத்தில் அந்த வாசனை சட்டென்று நிற்க இரண்டு காரணம்தான் உண்டு. ஒன்று, வண்டி நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால், மிதித்தும் பிரேக் பிடிக்காமல் போயிருக்க வேண்டும்.

அடுத்த நொடி, தோளில் இருந்த பாரம், யாரோ பிடுங்கி எறிந்த மாதிரி போய்விட்டது.

குண்டன் மிட்டாயைக் கடிப்பதை நிறுத்தியிருந்தான்.

விடிகாலையில் பஸ் பத்திரமாக மலை ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. சகலை மச்சினன் வீட்டுக் கதவைத் தட்டியபோது முகத்தில் ரத்தமே இல்லை. மனைவி பயந்து போய் உள்ளே கூப்பிட்டாள். சண்டை போட வைத்திருந்த வார்த்தையெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. அவர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார்.

"நீங்க வந்த பஸ்லதான் நானும் வந்திருக்கேன். பாரு, பாப்பா போட்ட முடிச்சு."

"நாங்க எங்க பஸ்ல வந்தோம்? அண்ணன் வேன்லல்ல வந்தோம்," என்றாள்.

மகள் அந்தத் தாளை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பச்சைத் தாள், நடுவில் வெள்ளிக் கலரில் ஒரு குதிரை.

"முடிச்சு என்னோடதுதான்ப்பா. மிட்டாய் என்னோடது இல்ல. இந்தக் குதிரை மிட்டாய் நான் தின்னதே இல்லையே."

அந்த ஊர்க் கடைகளில் எல்லாம் கேட்டுப் பார்த்தார். அப்படி ஒரு மிட்டாயை யாரும் பார்த்ததில்லை.

அன்றைக்குக் கூட்டிக்கொண்டு இறங்க வந்தவர், இறங்கவே இல்லை. மகளை அங்கேயே ஸ்கூலில் சேர்த்தார். அங்கேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில், பகல் வேலையாகப் பார்த்துச் சேர்ந்தார்.

"ஆக மொத்தம் பேய் வந்து குடும்பத்தைச் சேத்து வெச்சிருக்கு," என்றாள் பேக்கிங் அக்கா. "என் வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வந்தா நல்லாயிருக்கும்."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். வெல்டரும் சிரித்தார்.

"மூணு வருஷமாச்சு, மனுஷன் மலையை விட்டு இறங்கல. கல்யாணம், காரியம் எதுக்கும் வரல. இப்ப என் பொண்ணு பொறந்ததும் நான்தான் போன் போட்டுக் கிழிச்சேன். 'என்ன சகலை, தங்கச்சி குழந்தையைப் பாக்கக்கூட அக்காவை அனுப்ப மாட்டீங்களா? காலிச் சீட்டுக்குப் பயந்தவன்னு ஊரே சிரிக்குது'ன்னேன். ரோஷம் வந்துடுச்சு. இன்னிக்கு ராத்திரி பஸ்ல மூணு பேரும் கிளம்பிட்டாங்க. பத்து மணிக்குப் போன் பண்ணார். பாப்பா மடியில மிட்டாய்ப் பையை வெச்சுக்கிட்டுத் தின்னுக்கிட்டே வர்றாளாம்."

"என்ன மிட்டாய்ப் பை?" என்றார் வாட்ச்மேன்.

"மாமியார் முந்தாநாளே இதே மாதிரி ஒரு பை அவங்களுக்கும் பஸ் பார்சல்ல போட்டு விட்டாங்க. புதுசா வந்திருக்காம், கடையில."

அந்த நேரம் கரண்ட் வந்தது. மின்விசிறிகள் முனகிச் சுற்ற ஆரம்பித்தன. டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றாகத் துடித்து எரிந்தன. எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கீழே பார்த்தார்கள்.

அட்டைகளின் மேல் அவர்கள் தின்று போட்ட தாள்கள் கிடந்தன. பச்சை. நடுவில் வெள்ளிக் குதிரை.

வெல்டர் செல்லை எடுத்தார். ரிங் போகவில்லை. மறுபடி போட்டார். மலையில் சிக்னல் இருக்காதுதான் என்றாள் பேக்கிங் அக்கா, யாரும் கேட்காமலே. அவர் மறுபடி போட்டார்.

குண்டன் மெதுவாகக் கையை நீட்டி, வெல்டரின் இடது முழங்கால் பக்கம் கிடந்த ஒரு தாளைக் காட்டினான். மற்றதெல்லாம் கசங்கிக் கிடந்தது. அது மட்டும் முறுக்கி, ரெட்டை முடிச்சுப் போட்டிருந்தது.

"யாரு... யாரு போட்டது இது?"

யாரும் போடவில்லை. வெல்டர் செல்லைக் காதிலிருந்து எடுக்காமலே, தாளைத் தொட்டார். அது இன்னும் எச்சிலில் ஈரமாக இருந்தது.