பிரேசில் கோச்சுக்கு ஒரு மெழுகுதிரி

உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் இத்தாலி பிரேசிலிடம் தோற்ற மறுநாள் காலை, பலெர்மோவில் நான் ஏறிய பஸ் செத்தவீடு மாதிரி இருந்தது. எனக்கு முன் சீற்றில் வீட்டுவேலைக்குப் போகிற எங்கடை பெண்கள் இரண்டு பேர். பஸ்ஸில் வேறு தமிழர் இல்லையென்று நினைத்திருக்க வேண்டும்.

“பிள்ளை, இத்தாலி தோத்தது என்னாலைதான்” என்றாள் மூத்தவள்.

“என்னக்கா விசர்க்கதை?”

“நான் வேலை செய்யிற வீட்டுச் சினோரா மெழுகுதிரி வாங்கித் தந்து, மலைக்கோயிலிலை சாந்தா ரொசாலியாவிட்டை இத்தாலி வெல்லவேணுமெண்டு கேக்கச் சொன்னவ. நான் அதை பிரேசில் கோச்சுக்குக் கொளுத்திப்போட்டு வந்திட்டன்.”

“ஐயோ! அந்தாள் உங்களுக்கு ஆர்?”

“ரீவியிலை சொன்னவங்கள், குவைத்திலை வேலை செய்தவராம். நானும் குவைத்திலை வேலை செய்தனான்.”

“அதுக்காக?”

“கேளன். அவர் பெரிய விளையாட்டுக்காரனுமில்லையாம். எக்சசைஸ் பழக்க வந்து, நாடு நாடாய்ப் போய் உழைச்சு இந்த இடத்துக்கு வந்தவராம். சொந்தச் சனமே அவரைத் திட்டினதாம். அவருக்கு நாங்கள் கேக்காமல் வேறை ஆர் கேக்கிறது?”

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். முன்னாலிருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார்.

“சிரியாதை. முகத்தைத் தொங்கப்போடு.”

இருவரும் தொங்கப்போட்டார்கள். கிழவர் அவர்களைப் பார்த்துத் துக்கத்தோடு தலையாட்டினார்.

“சினோராவுக்குத் தெரியுமே?”

“விடிய ரெலிபோன் எடுத்து அழுதழுது என்னைப் பேசினவ. நான் தமிழிலை மன்றாடினபடியால் ரொசாலியாவுக்கு விளங்கேல்லையாம்.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“உள்ளதைத்தான் சொன்னன். வடிவாய் இத்தாலியன்லைதான் கேட்டனான் எண்டு.”