சரளைக்குள் இரண்டு கற்கள்

சரளையை வாருவதற்கு விடிந்தவுடன் உள்ள நேரம்தான் தோது. கற்பிட்டியில் வெயில் ஏறினால் கச்சான் காற்று எழும்பிவிடும். பிறகு மரப்பல் வாரியால் எவ்வளவு நேர்த்தியாகக் கோடு இழுத்தாலும் சருகும் புழுதியும் வந்து விழுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

நான் ஜப்பானில் சில வருடம் பழைய வாகனங்கள் நிறுத்தும் யார்டு ஒன்றில் வேலை செய்தவன். பக்கத்தில் ஒரு கோயில் தோட்டம் இருந்தது. பகல் சாப்பாட்டை அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவேன். ஊருக்குத் திரும்பி, வாப்பா விட்டுப்போன தென்னங்காணியில் சிறிய விடுதி ஒன்றைக் கட்டியபோது, முன்னால் அப்படி ஒரு தோட்டத்தை உண்டாக்கினேன். வெள்ளைச் சரளைதான் கடல், கருங்கற்கள்தான் தீவுகள். இப்போது அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் வயதாகிறது. பட்டம் கட்டிப் பலகையில் கடல்மேல் ஓட வருகிற வெள்ளைக்காரர்கள்கூட அதைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஒரு மூலை மட்டும் சரிவரவில்லை.

அந்த மூலையில் ஒரு கபுறு இருந்தது. தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எங்கள் முஸ்லிம் சனம் மன்னாரிலிருந்து வள்ளங்களில் வந்து இந்தக் கரையில் இறங்கியபோது, வாப்பா காணியைத் திறந்துவிட்டார். கொட்டில் போட்டு இருந்தார்கள். அந்த மாரியில் கமறியா என்ற இளம் தாயின் மகள் றிஸ்மியா காய்ச்சலில் மவுத்தானாள். நடக்கப் பழகி அதிக நாளாகாத பிள்ளை. மையவாடிக்குப் போகும் பாதை வெள்ளத்தில் கிடந்ததால், வாப்பாதான் காணி மூலையில் அடக்கச் சொன்னார். தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக இரண்டு முருகைக்கற்களை மீஸானாக நட்டார்கள். அவற்றில் பெயர் எதுவும் எழுதவில்லை.

கமறியா ராத்தா பிறகு பக்கத்து ஊரிலேயே குடியேறிவிட்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவார். நான் கோடு இழுத்து முடித்திருப்பேன்; அவர் றப்பர் செருப்போடு அதன்மேல் நடந்து போவார். யாஸீன் ஓதுவார். போத்தலில் கொண்டுவந்த தண்ணீரைக் கபுறின்மேல் ஊற்றுவார். மருதோன்றிக் கொப்பு ஒன்றைக் குத்திவிட்டுப் போவார். அந்தத் தண்ணீரால் வெள்ளைச் சரளையில் பாசி பிடித்தது. கொப்புகள் வேர்விட்டன. நான் பிடுங்குவேன், அவர் அடுத்த வெள்ளி இன்னொன்றைக் குத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஒரு நாளும் நான் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. இதை ஊரில் யாரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒருமுறை பக்குவமாகத்தான் கேட்டேன்.

"ராத்தா, மார்க்கத்துல எடமிருக்கா எண்டு ஹஸ்றத்துட்ட மசலா கேட்டு, புள்ளய மையவாடிக்கே மாத்தினா என்ன?"

"வேணாம் தம்பி. தூங்குற புள்ளய எழுப்பக் கூடாது." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். "நான் மவுத்தானா என்னையும் இவக்குப் பக்கத்துல வெக்கணும். ஒங்கட வாப்பாட்ட அப்பவே கேட்டுட்டன். ஓம் எண்டு வாக்குத் தந்தாரு. எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு கபுறோடு படுகிற பாடு போதாதென்று இரண்டாவதும் வரப்போகிறது. அதுவும் பெரிய ஆள் கபுறு. வாப்பாவுக்கு வாக்குக் கொடுக்க என்ன, அவர் சரளை வாரியவரா?

முதலில் அந்த மூலையில் நின்ற தென்னைகளை வெட்டினேன். கடல் தெரியட்டும் என்றுதான் வெட்டினேன். அடுத்த வெள்ளி, ராத்தா ஓதிவிட்டுப் போனதும், இரண்டு கற்களையும் கிளப்பி ஒரு சாண் தள்ளி நட்டேன். மேலே சரளையை வாரிவிட்டால் எங்கிருந்து எடுத்தது என்று எனக்கே தெரியாது. அதற்கடுத்த வெள்ளியும் ஒரு சாண். அவசரப்படவில்லை. நல்ல தோட்டத்தில் எந்த மாற்றமும் கண்ணில் படக்கூடாது. ராத்தா கற்களைப் பார்த்துத்தான் உட்காருவார். அவை போன இடமெல்லாம் தண்ணீரும் கொப்பும் போயின.

ஒரு நாள் மட்டும் ஓதாமல் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"தம்பி, முன்ன இது வீட்டுப் பக்கமாக் கிடந்த மாதிரி."

"தென்னய வெட்டினதுதானே ராத்தா. அதுதான் அப்பிடித் தெரியுது."

"ஓம், ஓம். எனக்கும் வயசு போகுது" என்று தன் தலையில் தட்டிக்கொண்டார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. உள்ளே போய் ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டுவந்து கொடுத்தேன்.

வருடம் திரும்புவதற்குள் கற்கள் காணியின் விளிம்புக்கு வந்துவிட்டன. ஒழுங்கையோரமாக ஒரு துண்டு நிலத்தை விட்டு, இந்தப் பக்கம் மூங்கில் வேலி அடைத்தேன். கற்கள் வேலிக்கு வெளியே நின்றன. இனி விடுதி ஆட்களைத் தாண்டி வரவேண்டியதில்லை, நேரே ஒழுங்கையால் வரலாம் என்று சொன்னபோது ராத்தா எனக்காகத் துஆச் செய்தார்.

பிறகு மூலையைக் கவனித்தேன். மழைத் தண்ணீர் தேங்குகிற பள்ளம் அது. குளம் ஒன்று வெட்டுவதுதான் ஒரே வழி. வேலையாட்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் நானே வெட்டினேன். மணலில் எலும்பு அவ்வளவு லேசில் கரையாது என்பதை அன்றுதான் அறிந்தேன். அதிகம் இருக்கவில்லை. மண்வெட்டியால் ஒருமுறை அள்ளினால் அடங்கிவிடும். குளத்துக்குப் பக்கத்தில் மேடு ஒன்று வேண்டும் என்று முன்பே நினைத்திருந்தேன். மற்ற மண்ணோடு அதையும் அங்கே போட்டேன். மேலே புல் நன்றாகப் பிடித்துவிட்டது. பொழுது படும்போது எல்லோரும் அந்த மேட்டில் ஏறி நின்றுதான் படம் எடுக்கிறார்கள். பழைய மூலையை இப்போது என்னாலேயே அடையாளம் சொல்ல முடியாது.

போன மாதம் கமறியா ராத்தா மவுத்தானார். அவருடைய இன்னொரு மகள் ஃபர்ஸானாவின் மாப்பிள்ளை முபாரிஸ் வந்து, மாமி கடைசியாகச் சொல்லிவிட்டுப்போன வஸிய்யத்தைச் சொன்னான். நான் மறுப்பே சொல்லவில்லை. அது என் நிலம், தாராளமாக வெட்டச் சொன்னேன். நானும் கூட நின்றேன். மண்வெட்டி கற்களுக்குக் கிட்டப் போனபோது, "இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டுங்க, சின்னக் கபுறு இடிஞ்சிரும்" என்று நான்தான் சொன்னேன். அந்தக் கற்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தத் தாயை அங்கே வைத்து, மூன்று பிடி மண்ணும் போட்டேன்.

துஆ முடிந்ததும் முபாரிஸ் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான்.

"ஸுஹைப் நானா, மாமி ஆசப்பட்ட மாதிரியே மகளுக்குப் பக்கத்துல வெச்சிட்டம். இதுக்கான கூலிய அல்லாஹ் ஒங்களுக்குக் கொறவில்லாமத் தருவான்."

சுற்றி நின்றவர்கள் ஆமீன் என்றார்கள். நானும் மனமாரத்தான் சொன்னேன்.