சரளையில் விழுந்த சாவி

மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறே கால் மணி. அந்த நேரத்தில் என் நண்பரின் மருமகன் ‘பணியின்போது உறங்கிவிட்டார்’ என்று ஹிப்னாடிசம் எனும் அறிதுயில் சிகிச்சையாளர் சங்கம் எழுதியிருக்கிறது. எட்டு வரிக் கடிதம், நான்கு ஒற்றுப்பிழைகள். பிழைகளைப் பொறுத்துக்கொள்வேன். பொய்யைப் பொறுக்கமாட்டேன். அவர் உறங்கவில்லை. அன்றைய சிகிச்சையின் ஒலிப்பதிவை மூன்று முறை கேட்டேன். நான்காம் முறை கேட்கத் துணிவில்லை.

ஆகவே எழுதுகிறேன். கூடியிருப்பவர்களில் ஒருவர் உரக்கப் படியுங்கள். மற்றவர்கள் பேசாமல் கேளுங்கள்.

மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஓர் அறை. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். வருகிறவரைக் கண்மூடச் சொல்லி, இருபதிலிருந்து கீழே எண்ணி, அவர் அஞ்சும் இடத்திற்கே அழைத்துச் செல்வார் நண்பரின் மருமகன். பிறகு ஒன்றிலிருந்து மேலே எண்ணித் திரும்ப அழைத்து வருவார். ஒரே ஒரு தொல்லை. எண்ண எண்ண அவருக்கும் கண் செருகிவிடும்.

“ஊரையே மயக்குற ஆளு,” என்று அவர் மனைவி கேலி செய்வாள். “குழந்தையத் தூங்க வைங்கன்னு விட்டா, அது எழுந்து வந்து சொல்லுது, ‘அம்மா, அப்பா தூங்கிட்டாரு’ன்னு.”

“கூடவே போனாத்தான் அவங்க பாக்குறது எனக்கும் தெரியும். பயப்படாதே, சாவி இருக்குல்ல,” என்பார் அவர்.

அறையின் சாவிக்கொத்தை இடக்கையில் தொங்கவிட்டபடியே அமர்வார். அளவு மீறி ஆழ்ந்தால் பிடி தளரும். கொத்து பளிங்குத் தரையில் விழும். அந்த ஓசையில் விழித்துக்கொள்வார். ஆறு ஆண்டுகள்... ஒருநாளும் தவறியதில்லை.

அன்று வந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். ஓராண்டுக்கு முன், விடியாத ஐந்து மணிக்கு, ஆளரவமற்ற சாலையில், யாரோ கைகாட்டியிருக்கிறார்கள். மழை. இவர் நிறுத்தவில்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது... அந்தக் கை இன்னும் உயர்ந்தே இருந்ததாம். அதன்பின் வண்டியில் ஏறினாலே கால் நடுக்கம்.

ஒலிப்பதிவில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். மூன்று... இரண்டு... ஒன்று. மின்விசிறியின் கிறீச்சொலி.

“எங்க இருக்கீங்க?”

“ரோட்டுல, சார். மழை. அதோ... கை காட்டுறாங்க.”

பிறகு நம்மவர் குரல், குழறலாக: “ஆமா... எனக்கும் தெரியுது. நிறுத்துங்க. நான் இறங்கிப் பாக்கறேன்.”

“வேணாம் சார்! இறங்காதீங்க!”

லாரிக் கதவு ஒன்று அறைந்து மூடுகிறது. இரண்டாம் மாடியில்! மின்விசிறியின் ஒலி நின்றுவிடுகிறது. மழை மட்டும். அதன்பின் சாவிக்கொத்து விழுகிறது... பளிங்கில் அல்ல. சரளைக் கல்லில். வெகு தொலைவில்.

ஓட்டுநர் தாமே விழித்து, அலறி, அவரை உலுக்கியிருக்கிறார். கண் திறக்கவில்லை. அவருடைய உலர்ந்த சாம்பல்நிறச் சட்டையில் ஈரமண் வாசனை. அறை முழுதும் தேடினோம், சாவி இல்லை.

“அவரு இறங்கிட்டாரு, ஐயா,” என்று என் நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் ஓட்டுநர். “நான் மிதிக்கவே இல்ல. வண்டி அதுவாக் கிளம்பிடுச்சு.”

“திரும்பப் போய் ஏத்திக்கிட்டு வாப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

போனார். வேறொருவர் எண்ண, அதே நாற்காலியில் மூன்று நாள் கண்மூடினார். சாலை வந்தது. மழை வந்தது. கைகாட்ட ஒருவரும் இல்லை.

“செருப்புத் தடம் மட்டும் இருக்குது, ஐயா. சாவியக் காணோம். நடந்து போயிட்டாரு. எந்த ரோட்டுக்குன்னு தெரியல.”

இப்போது அவர் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறார். மனைவி காலையும் மாலையும் காதருகே ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுகிறாள். குழந்தையும் எண்ணுகிறது, அதற்குப் பதினைந்து வரைதான் தெரியும். அசைவில்லை. தெருவில் கனரக வண்டி ஏதேனும் போனால் மட்டும் அவர் வலக்கை மெல்ல உயர்கிறது... ஓசை தேய்ந்து மறையும்வரை நிற்கிறது... பிறகு தாழ்கிறது.

இதைக் கேட்பவர்களில் வண்டி ஓட்டுபவர் யார்? உங்களிடம்தான் கேட்கிறேன். விடியாத நேரத்தில், மழையில், ஆளில்லாச் சாலையில், சாம்பல்நிறச் சட்டையணிந்த ஒருவர் கைகாட்டினால் நிறுத்துங்கள். நீங்கள் இறங்காதீர்கள். கதவைத் திறந்து, இருபது வரை உரக்க எண்ணுங்கள், ஏறிக்கொள்வார். அவர் கை வெறுங்கையாக இருக்கும். நன்றாகப் பாருங்கள்: சாவிக்கொத்தோடு கைகாட்டுபவர் அவர் அல்லர், அவருக்கு முன்பே அங்கே நின்றவர். அவரை ஏற்றாதீர்கள்.