ஒற்றைக்கடுக்கனை நான் கொன்ற விதம்

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தும்போது சீற்றுக்குக் கீழே ஒரு சாக்கு விரிக்கவேண்டும், விதானையார். இல்லாவிட்டால் தோல் கிழிந்துவிடும். நான் ஒழுங்கான மனிதன் என்பதற்காகச் சொல்கிறேன்.

யுத்தத்தால் பற்றரிக்குத் தடை வந்தபிறகு, பரந்தனுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் குடியேற்றத்தில் பாடிய றேடியோ என்னுடையது ஒன்றுதான். ஞாயிறு பின்னேரம் நான் பெடலைக் கையால் சுற்றுவேன். டைனமோ கரண்ட் கொடுக்கும். பெண்கள் கூடியிருந்து, ஒற்றைக்கடுக்கன் என்ற கடற்கொள்ளைக்காரனின் தொடர்நாடகம் கேட்பார்கள். முன்னுக்கு என் மச்சாள் அருந்ததி. எனக்கென்று பேசிவைத்த பெண். அவன் சிரித்தால் அவள் காது சிவக்கும். அந்தச் சிரிப்புக்குக் கரண்ட் கொடுத்தவன் நான்.

கலியாணத்துக்கு நாள் வைப்போமா என்று கேட்டேன்.

"அவரைத் தூக்கிலை போடப்போறாங்கள், உங்களுக்குக் கலியாணம் கேக்குதோ? நாடகம் முடியட்டும், அத்தான்."

"கொள்ளையடிக்கிறவன் உமக்கு 'அவர்'. நான் ஆர்?"

"நீங்கள் கெதியாச் சுத்துங்கோ. அவரின்ரை குரல் இழுபடுது."

அவளில் பிழையில்லை. அவன் கழுத்தில் கயிறு விழுந்த கட்டத்தில் நான் கையை எடுத்தேன். செயின் கழன்றுவிட்டது என்றேன். மறுநாள், மறு ஒலிபரப்பைத் தனியக் கேட்டதாகவும், ஆள் முடிந்ததாகவும், நாடகமும் முடிந்ததாகவும் அறிவித்தேன்.

செத்தவீடு மாதிரித்தான். எட்டாம் நாள் படையல் வைத்தார்கள். கடலில் திரிந்தவர் என்று அருந்ததியின் தாய், விமலேஸ்வரி மாமி, மீன் பொரித்தா. எனக்கு இரண்டாந்தரமும் போட்டா. சாப்பிட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் துடக்கு, கலியாணக் கதை எடுக்கக்கூடாது என்று அப்போதுதான் சொன்னார்கள். கொன்றவன் இதை யோசித்திருக்கவேண்டும்.

அந்தியேட்டியும் முடிந்தது. அருந்ததி முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இனி நாளைப் பாருங்கோ, அத்தான்."

இப்போது வேண்டாம் என்றேன். அதுக்காகத்தான் மாமி, ஊருக்குத் தலைவர் என்று, உங்களிடம் வந்து அழுதிருக்கிறா.

உண்மையைச் சொல்கிறேன். அவர் சாகவில்லை. கயிற்றை அறுத்துக் கடலில் குதித்துவிட்டார். ஞாயிறுகளில் நான் கதவைச் சாத்தி, ஒரு கையால் பெடலைச் சுற்றி, மற்றக் கையால் றேடியோவைக் காதோடு அணைத்து, தனியக் கேட்கிறேன். போன கிழமை அவருக்குத் தோளில் வெட்டு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கலியாணம் கட்டினால் அருந்ததி இந்த வீட்டுக்கு வருவாள். அவர் உயிரோடு இருப்பது தெரிந்துவிடும். பிறகு அவரை அவளோடு பங்குபோடவேண்டும்.

அவளுக்கு வேறு நல்ல மாப்பிள்ளையாகப் பாருங்கோ, விதானையார். பொறாமையில் செய்தவன் என்றுமட்டும் என்னைச் சொல்லிப்போடாதேயுங்கோ.