விறகுக்குக் காசு வாங்கவில்லை

நல்ல காய்ந்த விறகு அந்த வருடம் பேசாலையில் கட்டு இருநூறு ரூபாய்க்குப் போனது. அருளம்மா அக்காவிடம் நான் ஒரு சதமும் வாங்கவில்லை. லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டி நிறையக் கொண்டுபோய் இறக்கி, மழை படாத இடமாகப் பார்த்து அடுக்கியும் கொடுத்தேன். விசாரிக்க வந்த நீங்கள் இதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றதைச் சொல்ல எனக்குச் சுலபமாக இருக்கும்.

என்னைப் பற்றிக் கூடாமல் சொல்லியிருப்பார்கள். யாவாரிக்கு அது சாதாரணம். என் அப்பா கருவாட்டு முதலாளி. பூசைக்குப் போகிற வழியில் மெழுகுதிரிக்கும் விலை பேசுவார். மாதாவுக்குத்தானே என்று கடைக்காரன் சொன்னால், அப்போ நீயும் மாதாவுக்காகக் கொஞ்சம் குறை என்பார். ஆனால் விற்கிற பொருளைப் பற்றி அவர் பொய் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. சண்டை முடிந்து சனம் முகாம்களிலிருந்து திரும்பியபோது தோணியும் இல்லை, வலையும் இல்லை. பழைய இரும்புதான் எங்கும் கிடந்தது. தலைமன்னார் றோட்டில் ஒரு காணி எடுத்து, கூரை போட்டு, இரும்பு வாங்கவும் பழைய வாகனம் திருத்தவும் தொடங்கினேன். சிங்கராசாவின் கராச் என்றால் இப்போது யாரும் வழி காட்டுவார்கள்.

கொழும்பில் ஒரு ஐயா இருந்தார். அவருடைய அண்ணன் இராணுவ லொறிச் சாரதி, எங்கள் கரையில் செத்தவர். அதே மாதிரி லொறி ஒன்றைப் புதுப்பித்து, அண்ணன் செத்த நாளில் ஊரைச் சுற்றி ஓட்டவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதில் என்ன பிழை? ஒரு படம் தந்தார். லொறி புதிதாக இருந்த காலத்துப் படம். அண்ணன் பின்கதவைத் திறந்துவிட்டு, பெட்டியின் பலகைத் தளத்தில் இருந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். படத்தில் இருக்கிறதெல்லாம் லொறியில் இருக்கவேண்டும், படத்தில் இல்லாத ஒன்றும் இருக்கக் கூடாது என்றார் ஐயா. விலையைப் பற்றி அவர் பேசவே இல்லை. அப்படிப்பட்ட மனிதரை ஆயுளில் ஒருமுறைதான் காணலாம்.

இராணுவம் கழித்துவிட்ட லொறிகளை அனுராதபுரத்துப் பக்கம் ஏலம் விட்டபோது ஒன்றை எடுத்தேன். அதற்கு நான் செய்த வேலையை நீங்கள் போய்ப் பார்க்கவேண்டும். முன்விளக்குக்கு மேல் போடுகிற கம்பிக்கூட்டுக்காக வவுனியாவில் இரும்புக்கடை இரும்புக்கடையாக ஏறி இறங்கினேன். இப்போது வருகிற பச்சைப் பெயின்ட் மினுங்கும். அந்தக் காலத்துப் பச்சை வெயிலைக் குடிக்கும். அதற்காகக் கரியும் சுண்ணாம்பும் கலந்து கலந்து கை புண்ணாகிப் போனது. உண்மை மாறக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

இனி அருளம்மா அக்கா. அவருக்கு ஒரே பிள்ளை, கொலின்ஸ். சண்டை உச்சத்தில் இருந்தபோது, கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவனைச் சீருடைக்காரர் பச்சை லொறியில் ஏற்றிப் போனார்கள். கண்டவர்கள் பலர். சொல்ல வந்தவர் ஒருவரும் இல்லை. சண்டைக்குப் பிறகு விசாரணை வைத்தவர்கள், உங்கள் பிள்ளை கள்ளத்தோணியில் இந்தியாவுக்குப் போயிருக்கலாம், லொறியில் ஏற்றினதுக்கு ஏதும் காட்ட முடியுமா என்று அக்காவைக் கேட்டார்கள். மடு மாதா கோயில் திருவிழா முடிய மறுபடி கூப்பிடுவதாகவும், அதுதான் கடைசி என்றும் சொன்னார்கள். அக்கா அன்றைக்கே என் கராச்சுக்கு வந்தார்.

"பழைய லொறியள் வந்தா ஒருக்கா உள்ளுக்குப் பாருங்கோ தம்பி. என்ர பிள்ளை குறி போடாம இறங்கியிருக்க மாட்டான்" என்றார்.

"பாக்கிறன் அக்கா."

"இதுக்கும் ஒரு விலை சொல்லுவியள் எண்டெல்லோ நினைச்சன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

குறி என்றால் என்னவென்று உங்களுக்கு விளங்காது. எங்கள் கரையில் வலைக்குக் கட்டுகிற மரமிதப்பில் குடும்பத்துக்கு ஒரு குறி வெட்டுவார்கள். எழுத்து வெட்டுவதில்லை. இருட்டுக்கடலில் விரலால் தடவித்தான் இது யாருடைய வலை என்று அறியவேண்டும். அதற்கு ஆழமான கோடுகள்தான் சரி. அக்கா வீட்டுக் குறி மூன்று நேர்கோடு, அவற்றை வெட்டிக்கொண்டு போகும் ஒரு சாய்கோடு. மகன் தனக்கென்று வலை எடுக்கும்போது தகப்பன் குறியோடு தன்னுடைய அடையாளம் ஒன்றைச் சேர்ப்பான். கொலின்ஸ் சாய்கோட்டின் நுனியில் ஒரு புள்ளி வைத்தான். அந்தப் புள்ளி வைத்த குறி உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான்.

லொறியின் தளத்தைக் கழற்றியது ஜுனைதீன். மறிச்சுக்கட்டியில் பிறந்து, சின்ன வயதில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு சேர்த்து விரட்டப்பட்டு, புத்தளத்தில் தச்சுவேலை பழகி, இப்போது பிறந்த ஊரில் மீளக் குடியேறியிருந்தவன். ஆட்கள் உட்காருகிற பக்க வாங்கைத் தூக்கிவிட்டு, அதன் கீழே கிடந்த பலகையைக் கையால் துடைத்தான்.

"முதலாளி, இதில ஆரோ கீறி வெச்சிருக்கு."

"ஆணி கீறினது."

"ஆணி புள்ளி வெக்காது முதலாளி."

குனிந்து பார்த்தேன். மூன்று நேர்கோடு, ஒரு சாய்கோடு, ஒரு புள்ளி. இடுப்புவாரின் கொக்கியால் வெட்டியிருக்கவேண்டும். கோடுகள் நேராகத்தான் இருந்தன, அவசரப்படவில்லை. பெயரை எழுதியிருந்தால் காவலுக்கு இருந்தவன் வாசித்துவிட்டுச் சுரண்டியிருப்பான். குறியை எங்கள் கரை ஆட்களுக்குத்தான் வாசிக்கத் தெரியும். என்னைப் போன்ற ஒருவன் என்றைக்காவது பார்ப்பான் என்று நினைத்துத்தான் வெட்டியிருக்கிறான். கெட்டிக்காரப் பிள்ளை.

அக்காவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் லொறிக்கு முத்திரை வைப்பார்கள். வழக்கு முடிய முன்னர் அது என் காணியிலேயே உக்கி விழும். ஐயாவின் அண்ணனுடைய நாளும் போய்விடும். பலகையை மட்டும் கொடுத்திருக்கலாம் என்பீர்கள். பலகையைக் கண்டவர்கள் அடுத்ததாக லொறியைத்தான் கேட்பார்கள். அதோடு அந்த வருடங்களில் இப்படிப்பட்ட ஒன்றைக் கண்டெடுத்தவனை யார் யார் தேடி வருவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. எல்லாவற்றையும் விட, ஐயா தந்த படத்தில் அந்தக் குறி இல்லை. தளம் முழுவதும் புதிதாகப் போடச் சொன்னேன். பலகை புதிது என்று ஐயாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, அண்ணன் இருந்த மாதிரியே இருக்கிறது என்று கண்கலங்கினார்.

பழைய பலகையை நானே எரித்திருக்கலாம். ஆனால் பிறர் பொருளை எரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. உரியவரிடம் சேர்த்துவிடவேண்டும் என்று நினைத்தேன். அடுப்புக்கு அளவாக நானே வாளால் அறுத்தேன். குறிக்கு மேல் வாள் படாமல் பார்த்துக்கொண்டேன். அது ஒரு துண்டில் முழுசாக இருந்தது. கண்டுபிடித்தால் அது அக்காவின் பாக்கியம், நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை படர்ந்திருந்தது எனக்குத் தெரியும். அவரைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனவனே நான்தான்.

விறகை அடுக்கி முடிய, இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குசினிக்குள் ஒரு பலகைக்கட்டையில் இருந்தேன். புதிதாக வந்த விறகிலேயே மூட்டினார். பெயின்ட் பிடித்த பலகை, புகை பச்சையாக வந்தது.

"என்ன தம்பி, விறகும் உங்களைப் போலத்தான். சும்மா தந்தாலும் கண்ணைக் கரிக்குது" என்றார்.

பிறகு, கைக்கு எட்டிய அடுத்த துண்டை எடுத்தார். எதுவென்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் வைக்கப் போனவர் நிறுத்தி, அதை மடியில் வைத்து விரலால் தடவினார். புருஷனோடு சேர்ந்து முப்பது வருடம் மிதப்புச் சீவிய விரல். முதல் கோட்டைக் கடந்தது. இரண்டாவதைக் கடந்தது. மூன்றாவதில் நின்றது.

"இதென்ன தம்பி, பள்ளமாக் கிடக்கு?"

"ஆணி இருந்த இடம் அக்கா. சீலையைக் கிழிச்சுப் போடும், தாங்கோ இங்கால."

தந்தார். நான் அதை அடுப்புக்குள் வைத்து, நன்றாக உள்ளே தள்ளிவிட்டேன். விற்ற பொருளைப் பற்றி நான் பொய் சொன்னதில்லை என்று முதலில் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். அது விற்ற பொருள் அல்ல.

திருவிழா முடிந்து அக்கா விசாரணைக்குப் போனார். வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு வந்தார். பிள்ளை இந்தியாவில் இருக்கக்கூடும் என்று எழுதி விசாரணைக் கோவையை மூடிவிட்டார்களாம். பாவம் என்று நானே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருடம் அவருக்கு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. கதவு, யன்னல் போடப் போனவன் ஜுனைதீன். சுவரில் கொழுவியிருந்த பழைய மிதப்பு ஒன்றைக் கண்டுவிட்டு, இந்தக் கீறலை நான் ஒரு லொறிப் பலகையில கண்டனே உம்மா என்று கேட்டிருக்கிறான். அந்தப் பலகை இப்ப எங்க என்று அக்கா கேட்டாராம். முதலாளி உங்களுக்குத்தானே விறகுக்குத் தந்தவர் என்றானாம். அவனில் பிழை இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான். அக்கா எழும்பிப் போய்ப் பழைய அடுப்பைக் கையால் கிளறினாராம். ஒரு வருடச் சாம்பலில் என்ன கிடக்கப் போகிறது? அதுவும் சட்டி மினுக்க அள்ளி அள்ளி முடிந்த சாம்பல்.

அதற்குப் பிறகு றோட்டில் கண்டால் அவர் என்னோடு கதைப்பதில்லை. ஜுனைதீனும் வேலைக்கு வருவதில்லை. நீங்கள் வந்திருக்கிறீர்கள். லொறி கொழும்பில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். படத்தில் இருக்கிறதெல்லாம் இருக்கும்.

கணக்கைத்தான் கேட்கிறீர்கள் என்றால் அது நேராக இருக்கிறது. ஐயாவுக்கு அவருடைய அண்ணனின் லொறியைக் கொடுத்தேன். அக்காவுக்கு அவருடைய மகனின் குறியைக் கொடுத்தேன், அவருடைய கையிலேயே கொடுத்தேன். அவரிடம் நான் வாங்கியது ஒரு தேத்தண்ணி. அதற்கும் சீனி நான் கொண்டுபோனது.