சிமியோன் சொன்ன கரை

—திறப்பைத் தரச் சொல்லு, லூர்த்து. நான் உள்ளுக்கு வரேல்லை. வாசலிலை நிண்டே வாங்கிக்கொண்டு போறன்.

—என்ன திறப்பு, அண்ணை?

—தெரியாத மாதிரிக் கேக்காதை. கோயில் மணிக்கோபுரப் பூட்டின்ரை திறப்பு. உன்ரை மனிசன் சிமியோன் இத்தினை வருசமாய் இடுப்பிலை கட்டிக்கொண்டு திரியிறானே, அது. பூசை முடிய மூப்பர்மார் எல்லாரும் கூடிக் கதைச்சுப்போட்டம். புயல் வருதெண்டு அவன் சொல்ல, அந்தோனியார் கோயில் மணி அடிக்க, கரையூர் முழுக்க விழுந்தடிச்சு வள்ளத்தைக் கரையிலை இழுத்துப் போடுற வேலை இனி இல்லை.

—தலைமை மூப்பர் நீங்கள்தானே. அப்ப உங்கடை வாயாலைதான் அது வந்திருக்கும்.

—ஓம், இந்த நீக்கிலாப்பிள்ளையின்ரை வாயாலைதான். கூடப்பிறந்தவளெண்டு பாக்கேலாது, கேட்டியோ. ஊர்க்காரியம்.

—அது கிடக்கட்டும். எத்தினை பெருநாளுக்குப் பிறகு இந்தப் படலையைத் திறந்திருக்கிறியள். ஒரு வாய் தேத்தண்ணி குடியுங்கோவன். வாடைக் காத்து ஊசியாய்க் குத்துது.

—முந்தநாள் தொட்டு உந்த வாடை ஒரே பக்கமாய்த்தான் நிண்டு குத்துது. எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். பெருநாளிலை அந்தோனியார் சுருவத்தை வைச்சுக் கூடு தூக்கேக்கை, முன்தடி என்ரை அப்பு பிடிச்ச தடி, நான் பிடிச்ச தடி. அதிலை வந்து தோளைக் குடுத்தானே உன்ரை மனிசன், அண்டைக்கே சொல்லிப்போட்டன், இவன்ரை வீட்டிலை பச்சைத்தண்ணி குடியன் எண்டு.

—ஒரு தடிக்கு இவ்வளவோ, அண்ணை?

—தடியில்லை பிள்ளை. அந்தோனியார். எங்கை அவன்? முகத்துக்கு நேரை கேட்டு வாங்கவேணும்.

—பருத்தித்துறைக்குப் போட்டார். கடல் பாக்க. வாற நேரந்தான்.

—இன்னும் பாக்கிறானோ! ஒருக்கால் பிழைச்சது காணாதாமோ? கேள் லூர்த்து, நீயே தீர்ப்புச் சொல்லு. மற்றவையெல்லாம் மீன்பிடி வாடிக் குடிலுகளைக் கழட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாப் பிறகும் நான் முல்லைத்தீவுப் பக்கம் நாயாத்திலை நிண்டனான். ஏன்? மழைக்கு ஆத்துவாய் வெட்டிக் களப்புத்தண்ணி கடலுக்குப் பாய, றால் பட்டுது பார், அப்பிடிப் பட்டுது. அந்த நேரம் பிலிப்பு, உங்கடை வள்ளத்து ஆள், காலை இழுத்து இழுத்து வந்து நிக்கிறான். ‘சம்மாட்டியார், புயல் நேரை கரையூருக்குத்தான் வருதாம். அந்தோனியார் சுருவத்தைச் சிமியோனண்ணை தன்ரை தோளிலை தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோறாராம். நீங்களோ உங்கடை ஆக்களோ ஒருத்தரும் வரத் தேவையில்லையாம்’ எண்டான்.

—நீங்கள் என்ன செய்தனியள்?

—என்ன செய்யிறது? அவன்ரை தோளிலை என்ரை அந்தோனியாரோ! வலை, வள்ளம், காயப்போட்ட றால், எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டிட்டு, பெண்டுகள் குஞ்சுகுருமான் எல்லாத்தையும் லொறியிலை அள்ளிப்போட்டு, மாங்குளத்திலை றெயில் பிடிச்சு வந்து இறங்கினன்.

—பெண்டுகள் பிள்ளையள் ஏன்? அவையுமோ கூடு தூக்கிறது?

—ஒருத்தரும் வரத் தேவையில்லை எண்டு அவன் சொன்னால், ஒருத்தர் மிச்சமில்லாமல் வருவம். தொட்டில் பிள்ளையும் வரும். நீக்கிலாப்பிள்ளையை ஆரெண்டு நினைச்சான்?

—சரி. பேந்து?

—பேந்தென்ன. சுருவத்தை நான்தான் தூக்கினன். மேட்டிலை கொண்டுபோய் வைச்சிட்டு, இருந்து பாக்கிறம், பாக்கிறம், புயலைக் காணேல்லை. காத்துக் கொஞ்சம் உரத்து வீசிச்சுது. ஏரம்பர் வளவிலை ரெண்டு முருங்கை முறிஞ்சுது. அவ்வளவுதான். புயல் போய் விழுந்தது நாயாத்திலை! நான் படுத்த இடத்திலை! வாடி நிண்ட இடத்திலை இப்ப கடல் நிக்குதாம். என்ரை வள்ளத்திலை ஒரு பலகையும் இல்லை. அண்டைக்கு அங்கை படுத்திருந்தால் இண்டைக்கு நீ கறுப்புடுத்தியிருப்பாய். அந்தோனியார் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தபடியால் தப்பினம். அதுக்குப் பிறகு உன்ரை மனிசன்ரை மூஞ்சையைப் பாத்துக் கேட்டன், எங்கையடா உன்ரை புயல் எண்டு. ‘ஓம் மச்சான், எனக்குப் பிழைச்சுப்போச்சு’ எண்டான். அவன்ரை வாயாலை! சந்தை முழுக்கச் சிரிச்சுது.

—ஆர் பெரிசாச் சிரிச்சது?

—நான்தான். ஏன் மறைப்பான்? ஆனா ஒண்டு சொல்லோணும், லூர்த்து. கெட்டிக்காரன் எண்டால் அவன் வேறை ஆள். கேட்டாய் எண்டால் உனக்கு மயிர்க்கூச்செறியும்.

—ஆரது?

—அதுதானே தெரியேல்லை! செம்மலை, அளம்பில், அந்தக் கரை முழுக்க ஒரு சனமும் சாகேல்லை. நான் லொறி ஏறினாப் பிறகு எவனோ ஒருத்தன் வாடி வாடியாய்ப் போய்ச் சொன்னவனாம், ‘புயல் நாயாத்து வாயிலைதான் ஏறப்போகுது, எல்லாரும் முள்ளியவளைப் பக்கம் போங்கோ’ எண்டு. கேட்டியோ? முல்லைத்தீவெண்டு பொதுவாச் சொல்லேல்லை, திருக்கோணமலை எண்டு சொல்லேல்லை. நாயாத்து வாய்! ஊசிக்கு நூல் கோக்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறான். ஆரோ ஒரு மகான் அவனிட்டைச் சொல்லி அனுப்பியிருக்கோணும். அந்த மனிசனைக் கண்டால், மாதாவாணை, காலிலை விழுவன். அவன்ரை இடுப்பிலையல்லோ கட்டவேணும் உந்தத் திறப்பை!

—வந்து சொன்னவன் எப்பிடியான ஆளாம்?

—செம்மலை இளையதம்பி கண்டவன். மெலிஞ்ச ஆளாம். கரைமணலிலை ஒரு காலை இழுத்து இழுத்து…

—தேத்தண்ணி ஆறுது, அண்ணை. உள்ளுக்கு வாருங்கோ.

—பொறு. லூர்த்து, பிலிப்பு எங்கை?

—வள்ளத்துக்குத் தார் பூசுறான்.

—அண்டைக்கு எனக்குச் சேதி சொல்லிப்போட்டு அவன் எங்களோடை றெயில் ஏறேல்லையே. எங்கை போனவன்?

—அண்ணை, நான் ஒண்டும் வாய் திறக்கிறேல்லை எண்டு அந்தோனியாரிலை சத்தியம் பண்ணிக் குடுத்தனான், அவருக்கு. அதாலை நான் ஒண்டும் சொல்லேலாது. ஆனா கேக்கிறதில்லை எண்டு சத்தியம் பண்ணேல்லை. கேக்கட்டோ?

—கேள்.

—நீங்கள் விழுந்தடிச்சு வந்த அண்டைக்கு எங்கடை வள்ளம் எங்கை நிண்டது?

—துறையிலை மிதந்துகொண்டு நிண்டது. புயலெண்டு ஊருக்குச் சொல்லிப்போட்டுத் தன்ரை வள்ளத்தைக் கட்டத் தெரியாதவன் எண்டு நான்தானே பகிடி பண்ணினன்.

—இந்தக் கூரைக்குக் கயிறு போட்டிருந்ததோ?

—இல்லை. கிடுகு நாலு கழண்டு தொங்கிச்சுது.

—சுருவம் தூக்க அவர் வந்தவரோ?

—வரேல்லை. கோயில் வாசலிலை வெத்திலை சப்பிக்கொண்டு இருந்தவன். எங்களைக் கண்டோடனை எழும்பி, ‘வந்திட்டியோ மச்சான், எல்லாரும் வந்திட்டினமோ’ எண்டு ஒவ்வொரு முகமாய்ப் பாத்தவன். கடைசியிலை கைப்பிள்ளையையும் விலத்திப் பாத்தவன். எரிச்சலிலை பாக்கிறான் எண்டெல்லோ நான் நினைச்சன்.

—கடைசியா ஒண்டு கேக்கிறன். அண்டைக்குக் கோயில் மணி அடிச்சதோ, அண்ணை?

—மணியோ?

—ஓம், மணி. திறப்பு அவரின்ரை இடுப்பிலைதான் கிடந்தது. புயல் கரையூருக்கு வருதெண்டு மெய்யாய் நினைச்சிருந்தால் அந்த மனிசன் மணி அடியாமல் இருக்குமோ?

—அடிக்கேல்லை. லூர்த்து, மணி அடிக்கேல்லை! இதை ஒருத்தரும் யோசிக்கேல்லையே. நான் யோசிக்கேல்லையே!

—நான் ஒண்டும் சொல்லேல்லை.

—நீ சொல்லாதை. காணும். அட பாவி! அட கெட்டிக்காரப் பாவி! பிலிப்புவின்ரை வாயிலை பொய்யை வைச்சான், மணியின்ரை வாயிலை வைக்கேல்லை. விடு, என்னைக் கொஞ்சம் இருக்கவிடு. உந்தத் தேத்தண்ணியைத் தா.

—உள்ளுக்கு வந்திட்டியள், அண்ணை.

—வந்தால் வந்ததுதான். ஏனடி நேரை சொல்லி அனுப்பேல்லை? ‘நாயாத்துக்குப் புயல் வருது, வெளிக்கிடு’ எண்டு?

—சொல்லியிருந்தால் வெளிக்கிட்டிருப்பியளோ?

—மாட்டன். சிமியோனுக்கு என்ரை றாலிலை கண் எண்டு சொல்லிப்போட்டுப் படுத்திருப்பன். எல்லாரும் படுத்திருப்பம். என்ரை பேரப்பிள்ளையளும். ஐயோ லூர்த்து, அந்தத் தொட்டில் பிள்ளையும்!

—அழாதேங்கோ. குடியுங்கோ.

—எப்பிடியடி தெரிஞ்சது அவனுக்கு? நாயாத்து வாய் எண்டு? கரையூரிலை இருந்துகொண்டு?

—அதைச் சொல்லலாம், அதுக்குச் சத்தியமில்லை. முதல் பருத்தித்துறையிலை போய் நிப்பார். எங்கடை ஆழமில்லாத பரவைக்கடல் ஒண்டும் சொல்லாது, அங்கைதான் பெருங்கடல். காத்தில்லாத நேரமும் நீட்டு நீட்டாய்த் திரை வந்தால், அது எந்தப் பக்கத்தாலை வருதோ அங்கை புயல் நிக்குதாம். பேந்து காத்தைப் பாப்பார். எங்களுக்கு வாடை மெல்ல மெல்லக் கிழக்குக்குத் திரும்பினால் புயல் தெற்காலை போகுதாம். அண்டைக்கு அப்பிடித்தான் திரும்பினது. எங்கடை ஸ்ரெல்லா திருக்கோணமலையிலை இருக்கிறாளல்லோ, மருமோனுக்குத் தந்தியடிச்சுக் கேட்டார், உங்கை காத்து எந்தப் பக்கம் திரும்புது எண்டு. மேற்கை, கச்சானுக்கு எண்டு பதில் வந்தது. அப்ப அவைக்கு வடக்காலை, எங்களுக்குத் தெற்காலை. நடுவிலை முல்லைத்தீவுக் கரை. பேந்து இந்த முத்தத்து மண்ணிலை கரையைக் கீறி, காத்து வந்த பக்கமெல்லாம் ஈர்க்குக் குத்திக்கொண்டு இருந்தார், சோறு தண்ணியில்லாமல். திடீரெண்டு எழும்பி, ‘நாயாத்து வாய், லூர்த்து. மச்சான் நிக்கிற இடம்’ எண்டார். நான் மார்பிலை அடிச்சுக் குளறினன்.

—காத்து எந்தப் பக்கம் திரும்புமெண்டு ஈர்க்குக் குத்திப் பாத்தான் சரி. இந்த நீக்கிலாப்பிள்ளை எந்தப் பக்கம் திரும்புவான் எண்டதுக்கு எதைக் குத்திப் பாத்தான்?

—அதுக்கு அவருக்கு ஈர்க்குத் தேவைப்படேல்லை.

—சிரியாதை. காத்துத் திரும்பாமலே நிண்டால்?

—அதுதான் மெய்யான பயமாம். ஒரே பக்கமாய் நிண்டு உரத்துக்கொண்டு வந்தால், நேரை எங்களிட்டைத்தான் வருதாம்.

—சரி, எல்லாம் முடிஞ்சாப் பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே! சந்தையிலை நான் கெக்கட்டம் விட்டுச் சிரிக்கேக்கை, ‘மச்சான், உன்ரை உயிரைக் காப்பாத்தினது நான்தானடா’ எண்டு ஒரு சொல்லு!

—நானும் கேட்டன். பேர் போகுதே, மணியும் போகப்போகுதே, சொல்லுங்கோ எண்டு அழுதன். ‘சொன்னால் அடுத்தமுறை உன்ரை அண்ணனை என்னத்தைச் சொல்லிக் கிளப்பிறது?’ எண்டார்.

—அப்பிடியோ சொன்னான்?

—அப்பிடித்தான். அண்ணை, படலைச் சத்தம் கேக்குது, அவர்தான். தெரிஞ்சதாய்க் காட்டிக்கொள்ளாதேங்கோ, உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும்.

—ஆர் உள்ளுக்கு? மச்சானோ? என்ன இது, வானம் இடிஞ்சு விழப்போகுது.

—விழும். திறப்பு வாங்க வந்தனான், சிமியோன். மூப்பர்மார் தீர்மானம்.

—கேள்விப்பட்டன். இந்தா, பிடி. எனக்கும் இடுப்பிலை பாரம் குறைஞ்சுது.

—நல்லது. ஏன் உனக்கு இப்பிடி மூச்சு வாங்குது? ஓடியோ வந்தனி?

—சும்மா, பஸ்ஸாலை இறங்கிக் கெதியாய் நடந்தனான்.

—பருத்தித்துறையிலை கடல் என்ன சொல்லுது?

—என்னைக் கேக்கிறியோ? பிழைச்சுப்போன ஆளை?

—கேக்கிறன். சொல்லு.

—ஒண்டுமில்லை, மச்சான். ஒரு புயலும் வராது. உந்த வாடை சும்மா வீசுது. வள்ளங்களைத் துறையிலையே விடு. உன்ரை ஆக்களிலை ஒருத்தரும் மேட்டுக்குப் போகத் தேவையில்லை.

—ஒருத்தருமோ?

—ஒருத்தரும். நீ வீட்டை போய் இழுத்துப் போத்திக்கொண்டு படு. அப்பிடி எதும் நடந்தால் அந்தோனியாரை நானே தூக்குவன்.

—லூர்த்து, காத்துத் திரும்பேல்லை, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடு! சிமியோன், பிடியடா திறப்பை, பிடி, போய் மணியை அடி! நான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வாறன். முன்தடி உனக்கு.