அம்புச் சாமி குடும்பம்

— மெதுவாப் பேசு. லயத்து வீடுங்கள்ல இருக்கற அத்தன பொம்பளைக்கும் ஒரே புருசன்னா சொல்லிட்டு வந்திருக்க?

— புருசன்னு சொல்லல மதினி! குடும்பப் பேருன்னு சொன்னேன். ரெண்டும் வேற.

— கேக்கறவங்களுக்கு என்னடா வேற? அய்யோ அலமாக்! கொழுந்தனாரே, இந்த எஸ்டேட்டுல எவனும் செய்யாத வேலையில்ல செஞ்சிருக்கீங்க!

— சிரிக்காதீங்க மதினி. ஓடி வந்ததுல சட்டையெல்லாம் வேர்த்து நனஞ்சு போச்சு. இந்தாங்க, தொட்டுப் பாருங்க.

— நனையட்டும். ஆபீசு பின்கட்டுல ஜப்பான்காரன் சோத்தத் தின்னுட்டுப் படுத்துக் கெடக்கறவன், இந்நேரத்துக்கு வந்து கதவச் சொரண்டுனா நான் என்னான்னு நெனைக்கிறது? நாயின்னு வெளக்குமாத்த எடுத்துட்டேன். ஒக்காரு. மொதல்லேருந்து சொல்லு.

— வெளக்கு ஏத்தலியா?

— எண்ணெக்கி எங்க போறது? இருட்டுலயே சொல்லு. உம்மூஞ்சிய நான் பாத்ததில்லையா?

— காலையில ஆளு எண்ற பெரட்டுக்கு அந்தக் கண்ணாடி போட்ட ஜப்பான்காரன் வந்தான். நீங்கதான் வரல.

— காய்ச்சல்னு வேல வாங்கற தண்டல்கிட்டச் சொல்லிவிட்டேனே.

— இப்ப நல்லாத்தான இருக்கீங்க?

— விட்டுருச்சு. நீ கதயச் சொல்லு.

— சயாமுல ரயில் ரோடு போட மறுபடியும் ஆளு வேணுமாம், போன தடவ போனதுல ஒருத்தனும் திரும்பல. குடும்பத்துக்கு ஒரு ஆம்பள. அவன் கேக்கறத நான் தமிழ்ல சொல்லணும், இவங்க சொல்றத நான் அவனுக்குச் சொல்லணும்.

— ஜப்பான் பள்ளிக்கொடத்துல நாலு பாட்டு படிச்ச பலன். சரி.

— மொதல்ல தங்கராஜு மாமா நின்னாரு.

— எந்தத் தங்கராஜு? சேலத்துத் தங்கராஜா, பல்லு தங்கராஜா?

— பல்லு. அவரு பேரு வீராசாமி தங்கராஜுன்னேன். அடுத்தாப்ல அவரு மகன் லெட்சுமணன். தங்கராஜு லெட்சுமணன்னேன். ஜப்பான்காரன் கண்ணாடியக் கழட்டித் தொடச்சான். ரெண்டு குடும்பம், ரெண்டு ஆளுன்னுட்டான்.

— ஒரே சட்டியில கஞ்சி குடிக்கறவங்க எப்டிடா ரெண்டு குடும்பம்?

— அவங்க ஊருல குடும்பத்துக்கே ஒரு பேரு இருக்காம் மதினி. தாத்தன், அப்பன், மகன், வீட்டுக்கு வந்த மருமக, எல்லாருக்கும் அதே பேரு. அதுதான் முன்னாடி நிக்குமாம். நமக்கு முன்னாடி நிக்கறது அப்பா பேரு. அவன் அதக் குடும்பப் பேருன்னு எடுத்துக்கிட்டான். வீராசாமி ஒரு குடும்பம், தங்கராஜு இன்னொரு குடும்பம்.

— அப்பன் பேரு முன்னாடி நிக்காம, எதுத்த வீட்டுக்காரன் பேரா நிக்கும்? சொல்ல வேண்டியதுதான?

— சொன்னேனே! இவருக்கு இவங்கப்பா பேரு, அவருக்கு அவங்கப்பா பேருன்னேன். அப்ப பேரன் பொறந்தா தாத்தன் பேரு காணாமப் போயிருமான்னான். இல்ல மாஸ்டர், பேரனுக்குத் தாத்தன் பேரயே வச்சிருவோம், திரும்பி வந்துரும்னேன். பக்கேரோன்னு வஞ்சு கன்னத்துல ஒண்ணு விட்டான். காது இன்னும் கொய்ங்குது.

— நல்லா வெளக்கிச் சொன்னதுக்குக் கூலி. ஏண்டா, நமக்குள்ள என்னைக்காச்சும் கொழப்பம் வந்துருக்கா? பல்லுன்னா பல்லு, சேலம்னா சேலம்.

— அதையுஞ் சொன்னேன். பல்லுதான் குடும்பப் பேரான்னு கேட்டான்.

— மாதாவே!

— அவன் கணக்குல போனா அப்பனும் போகணும், மகனும் போகணும். லயத்துல ஒரு ஆம்பள மிஞ்ச மாட்டான். தங்கராஜு மாமா என்னயவே பாக்குறாரு. சத்தியமா மதினி, என் வாய் தானாத் தொறந்துருச்சு. 'மாஸ்டர், இதெல்லாம் வீட்டுல கூப்புடற பேரு, குடும்பப் பேரு வேற இருக்கு, ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்'னேன். என்னா பேருன்னான்.

— என்னா சொன்ன?

— செபஸ்தியன்.

— ஒலகத்துல வேற பேரே இல்லியாடா உனக்கு?

— பயத்துல அண்ணன் பேருதான் வந்துச்சு. சின்னதுலேருந்து அடி விழும்போதெல்லாம் அண்ணனத்தான கூப்புட்டிருக்கேன்.

— சரி, சரி. மூக்கச் சிந்தாத. ஒரு வீடுதான? அதோட விட்டிருக்கலாமே?

— விட்டிருப்பேன். அடுத்து செல்லம் அக்கா நின்னாங்க. சதாசிவம் மாமா வெறகுக்குப் போயிட்டாரு. 'புருசன் பேரு?'ன்னான். அக்கா தலையக் குனிஞ்சிட்டாங்க.

— பின்ன? ஊரு முன்னால புருசன் பேரச் சொல்லுவாளா?

— சொல்லல. கழுத்துல பாம்பு, தலையில தண்ணி ஊத்துதுன்னு கைய ஆட்டி ஆட்டிக் காட்டுறாங்க. அவன் என்னடான்னா, புருசனப் பாம்பு கடிச்சிருச்சான்னு கேக்குறான்.

— அய்யோ, வயிறு வலிக்குதுடா.

— எனக்கு அப்பச் சிரிப்பு வரல மதினி. கைய ஓங்கிட்டான். நான் குறுக்க விழுந்து, 'செபஸ்தியன் குடும்பம் மாஸ்டர், இவங்களும் செபஸ்தியன் குடும்பம்'னுட்டேன். அதுக்கப்பறம் வரிசையில நின்னவங்களுக்குப் புரிஞ்சிருச்சு. நான் வாயத் தொறக்கறதுக்கு முந்தி அவங்களே செபஸ்தியன், செபஸ்தியன்னு…

— கோயில் பூசாரி மணியமுமா?

— அவருதான் இருக்கறதுலயே சத்தமாச் சொன்னாரு. நெத்தியில இருந்த திருநீற வேட்டியால தொடச்சுக்கிட்டு வந்தாரு.

— ஆபீசுக் கணக்கெழுதற சாம்பசிவம் கிராணி? யாழ்ப்பாணத்துக்காரரு. நம்மாளுங்க பக்கத்துல நின்னாலே மூக்கு வெடைச்சுக்குமே?

— 'நானும் உங்கட குடும்பந்தானே தம்பி'ன்னாரு மதினி! இத்தன வருசத்துல என்னய டேய்னுதான் கூப்புட்டிருக்காரு. ஜப்பான்காரன் இது சரிதானான்னு கேட்டப்பவும் ஓமெண்டு தலையாட்டிட்டாரு.

— அட! ரப்பர் மரத்த மட்டுந்தான் விட்டுட்ட போலிருக்கு. இரு, இரு. லெட்சுமணனுக்கும் பூசாரி மக திலகத்துக்கும் நிச்சயம் பண்ணியிருக்கே? இப்ப அண்ணன் தங்கச்சியாக்கிட்டியே பாவி!

— அவன் அங்கேயே என் காதுக்குள்ள குசுகுசுன்னு கேட்டான். 'டேய், எனக்கு மட்டும் வேற பேரு குடுறா'ன்னு.

— சயாமுக்குப் போறியான்னு கேக்க வேண்டியதுதான?

— கேட்டேன். கொஞ்ச நாளைக்கித் தங்கச்சியாவே இருக்கட்டும்னுட்டான்.

— மாப்புள பயந்தவன்தான். சரி, எல்லாரும் ஒரே குடும்பம். அப்பவும் ஒரு ஆளு போகணும்ல? அது யாரு?

— அதான் மதினி நான் பண்ணதுலயே பெரிய கூத்து! ஏற்கெனவே ஆளு குடுத்த குடும்பத்துல மறுபடி எடுக்கக்கூடாதாம், மேலேருந்து உத்தரவு. 'செபஸ்தியன்னு ஒருத்தன் போன தடவையே சயாமுக்குப் போயிருக்கானே, அந்தக் குடும்பமா?'ன்னு அவனே கேட்டான். அந்தக் குடும்பந்தான்னேன்.

— அப்ப?

— அப்ப யாரும் போக வேண்டாம்! அண்ணன் ஒருத்தரு போனதுல மொத்த லயமும் தப்பிச்சிருச்சு.

— ஏ என் ராசா! இவ்ளோ புத்திய எங்கடா ஒளிச்சு வச்சிருந்த? இந்தா, கெழங்கு தின்னு. அவிச்சு வச்சிருக்கேன்.

— இவ்ளோ கெழங்கா? ஒத்த ஆளுக்கு எதுக்கு மதினி?

— காய்ச்சல் விட்டா பசிக்கும்ல. தின்னு.

— மேல என்னா சத்தம்?

— மூசாங்கு, மரநாய்தான். கூரையில குட்டி போட்டுருக்கு, ராவானா ஒரே ஆட்டம். மேல பாக்காத, கண்ணுல தூசி விழும். தப்பிச்சாச்சுன்னா அப்பறம் எதுக்கு இப்டி ஓடி வந்த?

— நாளைக்கி உங்களக் கூப்புடறான்.

— என்னையா? நான் எதுக்கு?

— ஒரு பொம்பளகூட புருசன் பேரச் சொல்லலியேன்னு அவனுக்குச் சந்தேகம். எங்க வழக்கம் மாஸ்டர், பொஞ்சாதி சொல்ல மாட்டாங்கன்னேன். சிரிச்சான். அவன் அடிச்சாக்கூடத் தாங்கிக்கலாம் மதினி, சிரிச்சாத்தான் தாங்காது. 'நாளைக்கிப் பெரட்டுல அந்த செபஸ்தியன் பொஞ்சாதி எல்லார் முன்னாடியும் அந்தப் பேர வாயத் தொறந்து சொல்லட்டும். வழக்கத்த மீறி அவ சொன்னா, நான் நம்புறேன். சொல்லலன்னா, முன்னாடி நிக்கற பேரு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளு. மொதல்ல நீ'ன்னு என்னயக் காட்டுனான்.

— உன்னயா? நீ சின்னப் பயடா.

— என்னயத்தான். பொய் சொன்ன நாக்குன்னு கையாலயே வெட்டிக் காட்டுனான். மதினி, ஒரே ஒரு வார்த்த. நீங்க சொல்லிட்டா முடிஞ்சுது.

— சொல்ல மாட்டேன்.

— மதினி!

— கேட்டியா, வேற என்னா வேணுன்னாலும் கேளு. கால்ல விழச் சொல்லு, விழறேன். அவன் பாட்டப் பாடச் சொல்லு, ஆடிக்கிட்டே பாடறேன். பேரச் சொன்னா ஆயுசு கொறையும். இருக்கற நெலமையில உங்கண்ணன் ஆயுசுல ஒரு நாளக்கூட நான் கொறைக்க மாட்டேன்.

— மாதா கோயில்ல, கல்யாணத்தப்ப சொன்னீங்கள்ல? சாமியார் சொல்லச் சொல்லுவாருல்ல?

— நான் எங்க சொன்னேன்? அந்த எடம் வந்ததும் இருமுனேன். சாமியாரு பிரெஞ்சுக்காரரு. சளி புடிச்சிருக்கு போலன்னு மோதரத்த மாட்டச் சொல்லிட்டாரு.

— அப்ப அது செல்லாத கல்யாணமா?

— செருப்பு பிஞ்சிரும்.

— சரி, மன்றாட்டுல? செபஸ்தியாரேன்னு சொல்ற எடத்துல?

— அம்புச் சாமின்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டு, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்னு மட்டும் வாயால சொல்லுவேன். மேலெல்லாம் அம்பு பட்டும் பொறுத்துக்கிட்டவரு, இதுக்கா கோவிச்சுக்கப் போறாரு?

— ஜப்பான்காரன்கிட்ட அம்புச் சாமி எடுபடாது மதினி.

— ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். உங்கண்ணன் சயாமுல இல்ல, வழியிலயே எறங்கி எங்கியோ ஓடிட்டாருன்னு வையி. அப்ப என்னாவும்?

— அய்யய்யோ, வாயக் கழுவுங்க! அவரு அங்க இருக்கற வரைக்குந்தான் எல்லாரும் தப்பிச்சோம். இங்க தலையக் காட்டுனா அவர வெட்டுவான், ஒளிச்சு வச்சவங்கள வெட்டுவான், மத்தவங்க அத்தன பேரையும் லாரியில ஏத்துவான்.

— ஓ.

— என்னா ஓ?

— ஒண்ணுமில்ல. கெழங்குல நாரு.

— எனக்கு மட்டும் அண்ணன் வரணும்னு ஆசையில்லையா மதினி? அன்னைக்கி லாரியில ஏத்துனப்பக்கூட 'டே வவ்வாலு, மதினியப் பாத்துக்கடா'ன்னுதான் கத்துனாரு. அவரு ஒருத்தர்தான் என்னய அப்டிக் கூப்புடுவாரு. அதுக்கப்பறம் அந்தப் பேரயே நான் கேக்கல.

— சாமியாரு தண்ணி ஊத்தி வச்ச பேரு கேப்ரியலு. தேவதூதரு, சம்மனசு பேரு. உங்கண்ணன் அத வவ்வாலாக்கிட்டாரு.

— ரெண்டுக்கும் றெக்க இருக்குல்லன்னு சொல்லுவாரு.

— நீ ரப்பர் காயவைக்கற பொகைக்கூட்டு உத்தரத்துல தலகீழாத் தொங்குனா வேற என்னான்னு கூப்புடறது?

— பேச்ச மாத்தாதீங்க. கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லிப் பாருங்க. மொதல்ல 'செ'.

— செ.

— 'பஸ்'.

— பஸ். அதுல ஒண்ணுமில்ல. கோத்தா திங்கி டவுனுக்குப் போறதுதான.

— 'தியன்'.

— முடியாது. நாக்கு மேல ஒட்டிக்கிச்சு.

— மதினி, ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. அன்னைக்கி லாரி கெளம்பயில நீங்க பின்னாடியே ஓடி, ஏங்க, ஏங்கன்னு கத்துனீங்க. லாரியில இருந்த அத்தன ஆம்பளையும் திரும்பிப் பாத்தான். அண்ணன் மட்டும் பாக்கல. எந்தப் பொம்பள எந்தப் புருசனக் கூப்புடறான்னு அவருக்கு எப்டித் தெரியும்? பேரச் சொல்லியிருந்தா பாத்திருப்பாரு. நாளைக்கி செல்லம் அக்காவும் அப்டித்தான் ஓடுவாங்க. தங்கராஜு மாமா வீட்டு அத்தையும் அப்டித்தான் ஓடுவாங்க. எல்லாரும் ஏங்க, ஏங்கன்னு.

— போதும், நிறுத்து.

— மதினி…

— போதும்னேன்ல. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்க.

— இருட்டுல என்னாத்த மதினி…

— திருப்பிக்கன்னா திருப்பிக்க. காதையும் பொத்திக்க.

— காதப் பொத்துனா, நீங்க சொன்னீங்களா இல்லியான்னு எனக்கு எப்டித் தெரியும்?

— சரி, ஒரு காத மட்டும் பொத்து. மாதாவே, இதக் கணக்குல சேத்துக்காத. சும்மா பழகிப் பாக்குறேன். செ… செபஸ்…

— ம், அவ்ளோதான், வந்துருச்சு.

— …செபஸ்தியன்.

— கேக்கல. பெரட்டுக் களம் பெருசு மதினி. கண்ணாடிக்காரன் அந்தக் கோடியில நிப்பான்.

— செபஸ்தியன்!

— டே வவ்வாலு, இன்னொருக்கா சொல்லச் சொல்லுடா. கோயில்ல இருமுனாளே, அன்னையிலேருந்து காத்துக் கெடக்கேன்.